விரல் தட்டும் மூளை ஸ்கேன்: ரத்தக்குழாய் சுருங்கியவர்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும்?

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன்: 5-க்கு 3. மெஷினுக்கு 5, உள்ளே படுக்க வைத்து வேலை வாங்கிய டெக்னீஷியனுக்கு 5, கையில் கொடுத்த ரிப்போர்ட்டுக்கு 1. கூட்டி வகுத்தால் 3-க்கு மேலேதான் வரும், ஆனால் கடைசியில் நம் கையில் மிஞ்சுவது ரிப்போர்ட் மட்டும்தான் என்பதால் குறைத்துவிட்டேன்.

எஃப்.எம்.ஆர்.ஐ. என்கிறார்களே, அந்த ஸ்கேனைப் பற்றித்தான் சொல்கிறேன், அதிலும் கை அசைவுக்கான டெஸ்ட். படுத்துக்கொண்டு, தட்டச் சொல்லும்போது விரல்களைத் தட்ட வேண்டும், நிறுத்தச் சொல்லும்போது நிறுத்த வேண்டும். மூளையில் எந்த இடம் வேலை செய்தது என்று ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு படம் வரும். மூளைக் கட்டியை எடுக்கும் முன், கை கால் அசைவுப் பகுதி எங்கே இருக்கிறது என்று சர்ஜனுக்குக் காட்ட இதை எடுப்பது வழக்கம், அந்த வேலைக்கு நல்ல டெஸ்ட். நான் எழுதுவது வேறு ஆட்களுக்கு. கழுத்திலோ தலைக்குள்ளோ ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, பக்கவாதம் இன்னும் வரவில்லை, ஆனால் கை முன்போல் இல்லை, "சரி, அந்தப் பக்க மூளை எப்படி வேலை செய்கிறதென்று பார்த்துவிடலாம்" என்று அனுப்பப்பட்டவர்களுக்கு.

எனக்கு இடது கழுத்துக் குழாயில், கரோட்டிட் என்பார்கள், நல்ல சுருக்கம். வலது கை அவ்வப்போது மக்கர் பண்ணும். சட்டைப் பட்டன் போட முடியாது, பேனா நழுவும், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் சரியாகிவிடும். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் செத்துப்போன இடம் என்று எதுவும் இல்லை. அப்படியென்றால் ரத்தம் குறைவாகப் போவதாலேயே அந்த இடம் மந்தமாகிவிட்டதா, அல்லது கை தடுமாறுவதற்கு வேறு காரணமா என்பதுதான் கேள்வி. கேள்வி நியாயமானது. பதில் சொல்ல இந்த ஸ்கேன் மட்டும் போதுமா என்பதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

உள்ளே நடப்பதை முதலில் சொல்கிறேன். உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா, பேஸ்மேக்கர், கிளிப், பழைய ஆபரேஷன் என்று ஒரு பட்டியலே கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். காதுக்கு அடைப்பான், தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒரு காயில், கையில் அவசரத்துக்கு அமுக்க ஒரு பந்து. கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி, அதில் திரை தெரியும். "சார், கையை மட்டும் அசைங்க, தலை ஒரு நூல்கூட நகரக் கூடாது" என்றார் டெக்னீஷியன். இது சும்மா மிரட்டல் இல்லை, தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெட்டுவிடும். அப்புறம் அரை நிமிடம்போல் தட்டு, அரை நிமிடம்போல் சும்மா இரு, மறுபடி தட்டு. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், வேகத்தைத் திரையில் வரும் மினுக்கல் சொல்லும். கை தடுமாறுகிறவர்களுக்கு ஒழுங்காகத் தட்டவே வராதே என்று கேட்டேன். "முடிந்த வேகத்தில் தட்டுங்கள், ஆனால் இரண்டு கைக்கும் ஒரே வேகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கெட்டிக்கார ஆள். நல்ல கையால் வேகமாகவும் மோசமான கையால் மெதுவாகவும் தட்டினால், இரண்டு பக்கப் படத்தையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஒரு குறை: காபி குடித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. காஃபீன் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், இந்த ஸ்கேனின் சிக்னலையும் மாற்றும். ரத்த ஓட்டத்தையே பார்க்கப் போகிற டெஸ்ட்டில் இதைக் கேட்காமல் விடுவது எனக்குப் புரியவில்லை.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன், என் கோபமெல்லாம் இங்கேதான். "இடது கை அசைவுப் பகுதியில் செயல்பாடு குறைவு" என்று ஒரு வரி. இடது பக்க மூளைதான் வலது கையை ஆட்டுவிக்கிறது, அதைச் சொல்கிறார்களா, அல்லது இடது கையைச் சொல்கிறார்களா என்றுகூடத் தெளிவில்லை. சரி, அது போகட்டும். குழாய் சுருங்கிய பக்கத்தில் இந்த ஸ்கேன் குறைவாகக் காட்டும் என்பது தெரிந்த விஷயம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்தவுடன் என் வீட்டில் எல்லோரும் மூளையில் பாதி போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது மூளைச் செல்களின் வேலை இல்லை, ரத்தம். இதைப் புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டில் பாதி பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்ட ஹீமோகுளோபினுக்கும் ஆக்ஸிஜன் உள்ள ஹீமோகுளோபினுக்கும் காந்தத் தன்மை வேறு என்று 1936-லேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை வைத்து மூளையைப் படம் பிடிக்கலாம் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார். விரலை அசைக்கிறீர்கள், அந்த இடத்துச் செல்கள் வேலை செய்கின்றன, உடனே பக்கத்தில் இருக்கும் சிறு ரத்தக்குழாய்கள் விரிகின்றன, தேவைக்கு மேலேயே புது ரத்தம் பாய்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின் அடித்துச் செல்லப்பட்டு சிக்னல் ஏறுகிறது. அந்த ஏற்றம் உச்சத்தைத் தொட 5, 6 விநாடி ஆகும், அளவும் சில சதவீதம்தான். அதைத்தான் கணினி ஆரஞ்சு நிறமாகப் பூசுகிறது.

கழுத்துக் குழாய் ரொம்பச் சுருங்கியவர்களுக்கு இந்தச் சங்கிலி நடுவில் அறுந்துவிடலாம். மேலிருந்து வரும் அழுத்தம் குறைந்துவிட்டதால், மூளைக்குள் இருக்கும் சிறு குழாய்கள் சும்மா இருக்கும்போதே விரிந்துதான் இருக்கின்றன, அப்படி விரிந்தால்தான் அன்றாட ரத்தமாவது போய்ச் சேரும். ஏற்கெனவே முழுசாகத் திறந்துவிட்ட குழாயை இன்னும் திற என்றால் என்ன செய்யும்? விரலைத் தட்டும்போது செல்கள் வேலை செய்கின்றன, ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொள்கின்றன, ஆனால் கூடுதல் ரத்தம் வருவதில்லை, வந்தாலும் தாமதமாக வருகிறது. 5, 6 விநாடிக் கணக்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்கு அந்தத் தாமதம் தெரியாது, "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று விட்டுவிடும். இன்னும் மோசமாக, ஆக்ஸிஜன் குறைந்து சிக்னல் இறங்கிவிடுவதும் உண்டு. அப்போது வேலை செய்கிற இடமே நீல நிறத்தில் வரும். பார்ப்பவர் அந்தப் பகுதி அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறது, அது பெரிய செலவும் இல்லை: மூச்சை அடக்கும் டெஸ்ட். அதே மெஷினில், அதே படுக்கையில், கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து விடச் சொல்வார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறும், விரியத் திராணி உள்ள குழாய்கள் எல்லாம் விரியும், மூளை முழுவதும் சிக்னல் ஏறும். எந்த இடத்தில் ஏறவில்லையோ அங்கே குழாய்களுக்குக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். விரல் தட்டும் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை மாறிவிடும். இரண்டிலும் ஒரே இடம் மங்கலாக இருந்தால், விரல் படத்தின் மங்கலை வைத்து அங்கே செல்கள் வேலை செய்யவில்லை என்று சொல்லவே முடியாது. மூச்சடக்கும் படத்தில் நன்றாக இருந்து விரல் படத்தில் மட்டும் மங்கல் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். சில இடங்களில் கரியமில வாயு கலந்த காற்றையே முகமூடியில் கொடுப்பார்கள், சில இடங்களில் குழாயை விரிக்கும் அசிட்டசோலமைட் ஊசி போடுவார்கள், அதற்கு விரல் நுனியெல்லாம் மரமரவென்று வரலாம். எதுவாக இருந்தாலும் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். குழாய் ரொம்பச் சுருங்கியவர்களுக்கு, மற்ற இடத்துக் குழாய்கள் விரிந்து இங்கே வரவேண்டிய ரத்தத்தையும் இழுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வீட்டில் மூச்சடக்கிப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நான் போன இடத்தில் இந்த டெஸ்ட் எடுக்கும் வசதி இருந்தது, ஆனால் யாரும் சொல்லவில்லை. என் நியூரோ டாக்டர் தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு எடுத்தார்கள். விரல் படத்தில் மங்கலாக இருந்த அதே இடம் இதிலும் மங்கல். முதல் தடவையே சேர்த்து எடுத்திருந்தால் வீட்டில் அத்தனை அழுகை வந்திருக்காது.

அப்படியென்றால் குறை எல்லாம் படத்தில்தான், மூளை நன்றாகவே இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. மூளை உடம்பு எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் போவது சாதாரணம். அது 20 வாக்கில் இறங்கினால் செல்கள் சாகாது, ஆனால் மின் வேலையை நிறுத்திக்கொள்ளும். 10 வாக்கில் போனால் சாக ஆரம்பிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உயிரோடு ஆனால் பேசாமல் கிடக்கும் ஒரு நிலை இருக்கிறது, கொஞ்ச நேரம் வந்து போகும் கைத் தடுமாற்றத்துக்கு அது ஒரு காரணம். எழுந்து நிற்கும்போது ஒரு பக்கக் கை தானாக உதறுவது இன்னொரு வகை. பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்து வலிப்பு மாத்திரை கொடுத்துவிடுவதும் நடக்கிறது, உண்மையில் நிற்கும்போது அழுத்தம் இறங்கி மூளைக்கு ரத்தம் போதாமல் போவதுதான். இதை 1962-லேயே மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் டாக்டர் எழுதி வைத்துவிட்டார். கை உதறினால் எப்போது உதறியது, நின்றபோதா படுத்திருந்தபோதா என்று குறித்துக்கொண்டு போங்கள், எந்த ஸ்கேனையும்விட அது டாக்டருக்கு உதவும்.

இந்த ஸ்கேனில் எனக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு விஷயம், எதிர்ப்பக்கம். சாதாரணமாக வலது கையைத் தட்டினால் இடது பக்க மூளைதான் பெரும்பாலும் ஒளிர வேண்டும். என் படத்தில் வலது பக்கமும் சேர்ந்து ஒளிர்ந்தது. பக்கவாதம் வராமல் ரத்த ஓட்டம் மட்டும் குறைந்தவர்களை வைத்து 2004-ல் வந்த ஓர் ஆய்விலும் இதே மாதிரி எதிர்ப்பக்க மூளையின் செயல்பாடு மாறியிருந்தது. இந்தப் பக்கம் தடுமாறும்போது அந்தப் பக்கம் கைகொடுக்கிறது என்று அர்த்தம் செய்யலாம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது, எதிர்ப்பக்கத்து ரத்தக்குழாய்கள் நன்றாக இருப்பதால் அங்கே தெரியும் நிறத்தை நம்பலாம். சுருங்கிய பக்கத்தில் நிறம் இல்லாததைவிட, நல்ல பக்கத்தில் கூடுதலாக நிறம் இருப்பதுதான் இந்த டெஸ்ட்டில் கிடைத்த உருப்படியான தகவல். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி? ஒரு வரிகூட இல்லை. படத்தைப் பார்த்து டாக்டர்தான் சொன்னார்.

அப்புறம் இ.இ.ஜி. இது பழைய டெஸ்ட், ஸ்டைலாக நிறம் எதுவும் வராது, தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவார்கள், முடியைக் கழுவ ஒரு மணி நேரம். ஆனால் இது பார்ப்பது மின்சாரம், ரத்தம் இல்லை. கை அசைவதற்கு ஒரு விநாடிக்கு மேல் முன்னாலேயே மூளை தயாராக ஆரம்பிப்பதை 1965-ல் கோர்ன்ஹூபரும் டேக்கேயும் இதில்தான் பிடித்தார்கள். சும்மா இருக்கும்போது கைப் பகுதியின் மேல் ஓடும் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் அலையும், 13 முதல் 30 ஹெர்ட்ஸ் அலையும் கையை அசைக்கும்போது அடங்கும், நிறுத்தியதும் திரும்ப எழும். ஸ்கேனில் மங்கலான இடத்துக்கு மேலே இந்த அடங்கலும் எழுச்சியும் ஒழுங்காக இருந்தால், செல்கள் வேலை செய்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம். எந்த இடம் என்று துல்லியமாகக் காட்டாது, அது அதன் குறை. எல்லா இடத்திலும் இப்படிக் கணக்குப் போட்டுத் தரமாட்டார்கள், வலிப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு எஃப்.எம்.ஆர்.ஐ.யைவிட இதில் நம்பிக்கை.

கழுத்து டாப்ளர், அதாவது ஒலி அலையை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன், அதைப் பற்றி நிறைய எழுத ஒன்றும் இல்லை, 5-க்கு 5. ஜெல் தடவி உருட்டுவார்கள், வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ரத்தம் பாயும் வேகம் விநாடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதிக்கு மேல் சுருக்கம், 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு. நெற்றிப்பொட்டு வழியாகத் தலைக்குள் பார்க்கும் டாப்ளரும் இருக்கிறது, 1982-ல் ரூனே ஆஸ்லிட் கொண்டுவந்தது. மூச்சடக்கும் டெஸ்ட்டை அதிலும் செய்யலாம், மெஷின் குகைக்குள் போகவே வேண்டாம். சிலருக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, அந்த இடத்து எலும்பு வழியாக ஒலி உள்ளே போகாது, அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியில் இந்த ஸ்கேனை வைத்து சிகிச்சை மாறுமா? அதிகம் மாறாது என்பதுதான் என் புரிதல். கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்யும் ஆபரேஷனுக்கு முடிவெடுப்பது சுருக்கம் எத்தனை சதவீதம், அறிகுறி வந்ததா என்பதை வைத்து. 1991-ல் வந்த பெரிய வட அமெரிக்க ஆய்வில், அறிகுறியோடு 70 முதல் 99 சதவீதம் சுருங்கியவர்களுக்கு இந்த ஆபரேஷன் செய்ததில் 2 வருடத்தில் அந்தப் பக்கப் பக்கவாதம் 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது, அதில் யாரையும் விரல் தட்டச் சொல்லித் தேர்ந்தெடுக்கவில்லை. தலைக்குள் இருக்கும் குழாய் என்றால் கணக்கே வேறு. 2011-ல் வந்த ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ வந்தது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 5.8 சதவீதம். அதே 2011-ல் இன்னொன்று: கழுத்துக் குழாய் முழுசாக அடைத்து, மூளை ரத்தத்திலிருந்து அதிகப்படியாக ஆக்ஸிஜனை உறிஞ்சுகிறது என்று ஸ்கேனில் உறுதி செய்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, மூளைக்கு மாற்றுவழியில் ரத்தம் கொண்டுபோகும் பைபாஸ் ஆபரேஷன் செய்தார்கள். 2 வருட முடிவில் பக்கவாதமோ, முதல் 30 நாளில் மரணமோ வந்தது செய்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு, செய்யாதவர்களில் 22.7 சதவீதம் பேருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவு கவனமாகப் பொறுக்கியே இப்படி என்றால், ஒரு ஆரஞ்சுப் படத்தைக் காட்டி ஆபரேஷனுக்கு வா என்று யாராவது அழைத்தால் நான் இன்னொரு டாக்டரைப் பார்ப்பேன். மாத்திரையை மட்டும் எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? மூச்சடக்கும் டெஸ்ட்டும் சேர்த்து எடுக்கிற இடம், இரண்டு கையையும் தனித்தனியாகச் சோதிக்கிற இடம், உங்கள் டாப்ளர் ரிப்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு படிக்கிற ரேடியாலஜி டாக்டர், இது மூன்றும் இருந்தால் போகலாம். போன் செய்து, "குழாய் சுருக்கம் உள்ளவர்களுக்குச் சிக்னல் தாமதமாக வருமே, அதைக் கணக்கில் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்குக் கேள்வியே புரியவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம். நான் போன இடத்தில் நிறம் பூசிய படங்களை அச்சடித்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள், அது எந்த டாக்டருக்கும் உதவாது. முழு டேட்டாவையும் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள், தாமதத்தைச் சேர்த்து மறுபடி கணக்குப் போட அது வேண்டும். கவுன்டரில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், கொடுத்துவிடுவார்கள்.